ஆல்பத்தில் டிரம் குறைவு

சர்க்கஸ் பாட்டை வீட்டில் உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். விளக்கு இல்லை, கோமாளி இல்லை, டிரம் மட்டும் தனியாகக் குதித்துக்கொண்டிருக்கும். எனக்கு அது பிடிக்கும். எங்கள் ஷோவின் இசையைக் கம்பெனி ஆல்பமாகப் போட்டதிலிருந்து, தூங்கப் போகும்போது இயர்போனில் அதைத்தான் கேட்கிறேன்.

கராடி மைதானத்தில் எங்கள் சர்க்கஸ் கூடாரம். ஷோவில் பாட்டுப் போடுவது நான். மேலே ஊஞ்சலில் என் அக்கா தமிழரசி. அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னி, டப்பா கட்டி ஸ்கூலுக்கு அனுப்பியவள் அவள்தான். இந்த வேலையையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

அக்கா கண்ணைக் கட்டிக்கொண்டு தாவுவாள். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும் அமல்ராஜ் அண்ணன் பிடிப்பார். மற்ற இடங்களில் பிடிக்கிறவர் குரல் கொடுப்பார். எங்கள் ஷோவில் குரல் கிடையாது, அதுதான் விசேஷம். டிரம் உருளும், முடிவில் சிம்பல் தட்டில் ஓர் அடி விழும், அக்கா கையை விடுவாள்.

"டிரம் உருளுறப்ப எண்ணுவியாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எண்ணுனா பயம் வந்துரும்டி. சிம்பல் அடிச்சா விட்டுருவேன், அவ்ளோதான். நீ கீழ இருக்கல்ல, எனக்கென்ன டென்ஷன்?"

"அரே பவுன், நீ தூங்கிட்டேன்னு வை, உங்கக்கா நேரா கோர்படி ரயில்வே ஸ்டேஷன்லதான் போய் எறங்குவா" என்றார் அமல்ராஜ் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு துபாயிலிருந்து ஒரு கம்பெனி அக்காவைக் கூப்பிட்டது.

"ரெண்டு வருஷம்தான்டி. அப்பாவப் பாத்துக்க" என்றாள். அப்பாவும் நானும் மட்டும் இருந்தால் எங்கள் வீட்டில் டிவிதான் பேசும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள்? அவள் நல்லதுக்காக யாராவது தடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. கால் சுளுக்கினால் போதும், அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

ஆல்பத்தில் டிரம் குறைவு. வீட்டில் கேட்பவர்களுக்கு அலுக்கும் என்று ஸ்டூடியோவில் வெட்டிவிட்டார்கள். ஊஞ்சல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிற நேரம்தான் குறைவு, அவ்வளவுதான். கூடாரத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. தினமும் வேலையில் கேட்பதை வீட்டிலும் யார் கேட்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஷோவில் ஆல்பத்துப் பாட்டைப் போட்டேன். கீழே வலை கட்டியிருந்தது, அதை மறந்துவிடக் கூடாது. வலை இல்லையென்றால் நான் செய்திருக்கவே மாட்டேன். சிம்பல் விழுந்ததும் அக்கா சொன்னபடியே கையை விட்டாள். அமல்ராஜ் அண்ணன் அப்போது பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். விழுந்தால் முதுகு வலையில் படும்படி திரும்பத்தான் எல்லோரும் பழகியிருக்கிறார்கள். அவள் திரும்பவில்லை. பிடிக்க ஒரு கை வரும் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே போனாள். ஜனங்கள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தினார்கள்.

நான் பழைய பாட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். அமல்ராஜ் அண்ணன் போலீஸிடம், "நான்தான் லேட்டு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்காவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்றார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். தலை பின்னிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். இரவில் ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு ஆல்பம் கேட்போம். அந்த ஒரு பாட்டை மட்டும் தாண்டிவிடுவேன்.

ஒருநாள் அவளே கேட்டாள். "அன்னைக்கு டிரம்மு சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு, இல்லடி?"

"நீதான் எண்ணவே மாட்டியேக்கா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸை நினைத்து அல்ல. சற்றுமுன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் கால் கட்டைவிரல் அசைந்தது. ஒரு தடவை இல்லை, விட்டுவிட்டு அசைந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போர்வையை இழுத்துக் காலை மூடினேன்.

காலையில் உடற்பயிற்சி கொடுக்க ப்ரீதி மேடம் வருவார். ஏதாவது அசைவு தெரிந்ததா என்று எப்போதும் என்னிடம்தான் கேட்பார். இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன். இனிமேல் பயிற்சியும் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். அக்கா வீணாக ஆசைப்பட்டு ஏமாந்தால் தாங்க மாட்டாள். அவளைப் பற்றி யோசிக்க இந்த வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?