இரண்டு முழம் மல்லி

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் கீழ்பென்னாத்தூர் வண்டி இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் ஆசையாகப் பூப்பொட்டலத்தை நீட்ட, அந்த அம்மா பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ரெண்டு முழமா? ஷேர் மார்க்கெட் அவ்ளோ விழுந்துருச்சா?”

“சும்மாதாம்மா வாங்கினேன்.”

“போன வாரம் கொஞ்சம் எறங்குனப்ப ஒரு முழம் வந்துச்சு. ஏறுனப்பல்லாம் ஒரு மொட்டு கூட வரலையே.”

கணவர் போனை எடுத்து நீட்டினார். “சரி, வாஸ்தவம்தான். பாப்பாவுக்குன்னு வாங்குன ஷேரெல்லாம் ரொம்ப கம்மியாயிடுச்சு. இப்பவே வித்துடலாம். ஆப் தொறக்கற நாலு நம்பர்ல என்னோட ரெண்டைப் போட்டுட்டேன். உன்னோட ரெண்டை நீ போடு.”

“பயந்து போயி அவசரத்துல வித்துடக் கூடாது, ஆளுக்குப் பாதி நம்பர் வெச்சுக்கலாம்னு யாருங்க சொன்னது?”

“நான்தான். அன்னிக்கு மனசு தெளிவா இருந்துச்சு.”

“இன்னிக்கு?”

“வயித்தைக் கலக்குது.”

“அப்ப மோர் குடிங்க. பாப்பா இப்பதான் மூணாவது படிக்குது, காலேஜுக்குப் போக எவ்ளோ வருஷம் கெடக்கு! தினம் வாங்கி விக்கறதுக்குன்னு தனியா ஒரு கணக்கு வெச்சிருக்கீங்கல்ல, கை அரிச்சா அதுல விளையாடுங்க.”

“அதுல விளையாட ஒண்ணும் மிச்சமில்லம்மா.”

வண்டி கிளம்பியது. அந்த அம்மா நிதானமாகப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டார். கணவர் போனை நீட்டியபடியே காத்திருந்தார்.

“நாளைக்கும் விழுந்துச்சுன்னா கனகாம்பரம் வாங்கிட்டு வாங்க. மல்லி சலிச்சுப்போச்சு.”