தலையில் அடி இல்லை

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வசிக்கும் கிளாட்வின் மனைவி ஷோபா, வயது முப்பத்தாறு, பள்ளி ஆசிரியை, மருத்துவமனை எலும்பு முறிவு வார்டில் படுத்த நிலையில், தமிழ் அறிந்த பெண் ஏட்டு துர்காதேவியிடம் சொன்னது:

நான் வேலை செய்யும் பள்ளியிலேயே என் கணவர் வேன் ஓட்டுகிறார். கடந்த திங்கட்கிழமை காலை வழக்கம்போல் சைக்கிளில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மார்க்கெட் தெருவில் இடப்பக்கம் நின்றிருந்த காரை நான் தாண்டும் நேரத்தில் அதன் டிரைவர் பக்கக் கதவு திறந்து என் ஹேண்டில்பாரில் இடித்தது. அதன் பிறகு நான் ரோட்டில் வலப்பக்கமாக விழுந்தேன். பின்னால் மெதுவாக வந்த ஆட்டோ, பிரேக் போட்டும், முன்சக்கரம் என் வலது காலின்மேல் ஏறிய பிறகே நின்றது. காரிலிருந்து இறங்கியவர் எங்கள் பள்ளித் தாளாளர் தனராஜ். போன் அவர் காதில் இருந்தது. ஆட்டோவைத் தூக்க ஆட்கள் வரும்வரை என்னால் காலை உருவ முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் குனிந்து, "ஏம்மா, ஹெல்மெட் போட்டுக்கினு வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு என்னை இங்கே சேர்த்தார்கள். தொடை எலும்பு முறிந்துள்ளது. தலையில் கீறல்கூட இல்லை. சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சட்டம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பால்காரர் முதல் பிள்ளைகள் வரை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. இருந்தும் மறுநாள் என் கணவர் புதிய ஹெல்மெட் ஒன்றை வாங்கி வந்து கட்டில் கம்பியில் மாட்டினார். பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைப் பார்க்கிறார்கள். காலில் எடை கட்டியிருப்பதால் என்னால் திரும்பிப் படுக்கவும் முடியாது.

அதன் பிறகு வந்த போலீசாரிடம், நான் தடுமாறி விழுந்ததாகவும் ஆட்டோ வேகமாக வந்ததாகவும் என் கணவரே தெலுங்கில் சொன்னார். நான் பேசவில்லை. அவர்கள் போனபின் ஏன் என்று கேட்டதற்கு, "தாளாளர் மேல சொன்னா நாளைக்கு நான் எந்த வண்டிய ஓட்றது, ஷோபா?" என்றார். என் கணவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆட்டோ ஓட்டிய சலீமை ஸ்டேஷனில் வைத்திருப்பதாக இன்று காலை நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. என்னை அதே ஆட்டோவில் இங்கே கொண்டுவந்தவர் அவர். கால் ஆடாமல் பிடித்துக்கொள்ளும்படி என்னுடன் ஏறியவரிடம் வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்மீது தவறு இல்லை. கதவைத் திறந்தவர் தனராஜ்.

அதன் பிறகு நர்ஸிடம் சொல்லி ஏட்டம்மாவை வரவழைத்தேன். என் கணவர் டீ வாங்கக் கீழே போயிருக்கிறார். அவர் வந்து நின்றால் என்னால் இதைச் சொல்ல முடியாது என்பதால் உடனே எழுதிக்கொள்ளக் கேட்டேன். படித்துக் காட்டியது முழுவதும் நான் சொன்னது, நடந்தது. எழுந்து உட்கார முடியாததால் படுத்தபடியே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கி. ஷோபா