வராத ஏப்பம்

ஒரு கட்சி ஊர்வலத்துக்காக அமரவிளையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முன் சீட்டுக்காரர் தன் மைத்துனரிடம் சொன்னார்:

"நெஞ்செரிச்சலுக்கு வயித்தில ஆபரேஷன் செய்து ஆறு வருஷமாச்சு. எரிச்சல் போச்சு, கூட ஏப்பமும் போச்சு."

"நல்லதுதானே அத்தான்?"

"என்ன நல்லது? மகளைக் கட்டிக்குடுத்த வீட்டுல விருந்து உண்டுட்டு ஏப்பம் விடாம எழும்பினேன். சாப்பாடு பிடிக்கல்லேன்னு சம்மந்திக்காரி இப்பவும் அவளைக் குத்திப் பேசுதா."

"ஆபரேஷன் காரியம் சொல்லலாமே?"

"சீக்குக்காரன் வீட்டுப் பெண்ணுன்னு அதுக்கும் பேசுவா. அதுக்காக்கும் இன்னைக்கு விருந்துக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நான் உண்டு எழும்பும்போ எனக்குப் பதிலா நீ நல்லா ஒரு ஏப்பம் விடணும்."

மைத்துனர் தலை குனிந்தார்.

"போன வருஷம் எனக்கும் அதே ஆபரேஷன் கழிஞ்சது அத்தான். ஆரிட்டயும் சொல்லல்ல."

அப்போது கண்டக்டர் நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். ஊர்வலம் கடந்து பஸ் புறப்பட்ட பிறகும் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.