வேறு கை, அதே அளவு

உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, என் தொழில் அப்படி. யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும். என் தங்கை சிரிப்பாள். "அண்ணே, வந்ததும் சுவரையே பார்க்காதீங்க, எங்க மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க" என்பாள்.

உங்கள் அறிக்கையில் ஒரு சொல்லைத் திருத்தத்தான் வந்தேன். பழுதான அலாரம் தற்செயலாக வெளியே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தற்செயல் என்பது சரியில்லை. யாரும் வற்புறுத்தி நான் வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் விஷவாயு அலாரங்களுக்கு நாங்கள் காலிபரேஷன் செய்து தருகிறோம். அளவு தெரிந்த வாயு சிலிண்டரில் இருக்கும். அதைக் குழாய் வழியாக அலாரத்தின் மேல் விட்டு, திரையில் எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். சரியாகக் காட்டினால் ஸ்டிக்கர் ஒட்டுவோம். காத்திருப்பதுதான் வேலையே. மூன்று பேர் செய்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகும் ஒரு அம்மா, அவரை எல்லோரும் பெரியம்மா என்போம். வாயே திறக்காத ஒருவர், அதனால் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். மூன்றாமவர் என் தங்கையின் கணவர். இவர்களுக்கு மேற்பார்வையாளன் நான்.

மாப்பிள்ளை நல்லவர். மாப்பிள்ளை முறுக்கு என்பதை அவரிடம் ஒருநாளும் பார்த்ததில்லை. அவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். கை வேகம், பேச்சு இனிப்பு. அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். இப்போது வீட்டுக்கு பல்பு வாங்க வேண்டும் என்றால்கூட, "இருங்கண்ணே, அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்பாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்க இடத்துக்கு உங்க மாப்பிள்ளையே வரட்டுமே, வீட்டுக்குள்ளயே இருக்கும்ல" என்றார். சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் காலிபரேஷனை எப்படி நம்புவது என்று ஆதாரம் கேட்டார். அதற்கு ஒரு சோதனை உண்டு. அதில் இரண்டே கேள்விகள். ஒரே ஆள் அதே கருவியைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே எண் வருகிறதா? வேறு ஆள் அளந்தாலும் அதே எண் வருகிறதா? பத்து அலாரங்கள், மூன்று பேர், ஆளுக்கு மும்மூன்று தடவை என்று வடிவமைத்தேன். எது எந்தக் கருவி என்று தெரியாதபடி எண்களை மறைத்து, வரிசையைக் கலைத்துக் கொடுத்தேன். முடிவு அவ்வளவு அழகாக வந்தது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. போட்டோ எடுக்கும்போது எல்லோரும் நிமிர்ந்துதான் உட்காருவார்கள். சோதனை என்று தெரிந்ததால் மூன்று பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அன்றாட வேலையில் அப்படியா? அளக்க வேண்டியது அதைத்தானே. எனவே யாருக்கும் சொல்லாமல் இரண்டாவது சுற்றை வடிவமைத்தேன்.

ஆயுள் முடிந்த சென்சார்கள் கழிவுப் பெட்டியில் கிடக்கும். அவற்றில் ஒரு வகை உண்டு. வாயு பட்டதும் சட்டென்று ஏறிச் சரியான எண்ணைக் காட்டும். வாயு இருக்கும்போதே, கொஞ்ச நேரத்தில் சோர்ந்து இறங்கிவிடும். முழு நேரம் காத்திருந்தால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். அப்படிப்பட்டவற்றைச் சில அலாரங்களுக்குள் பொருத்தி, வழக்கமான வேலையோடு கலந்து வைத்தேன். பெரியம்மா தனக்கு வந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டார். ரேடியோவும் ஒதுக்கிவிட்டு, அதிசயமாக, "செத்தது" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

மாப்பிள்ளையின் முறைக்கு நான் நாள் பார்த்தேன். அவசரமும் வேலைச் சூழலில் ஒரு பகுதிதான், அதையும் சேர்த்து அளக்க வேண்டும். அன்று சாயங்காலம் தங்கை என் போனுக்குக் கூப்பிட்டாள். "பிள்ளைக்கு உடம்பு லேசாச் சுடுது. ஒண்ணும் பயமில்ல, வரும்போது மருந்து மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். நான் மாப்பிள்ளையிடம் போய், "பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதாம், சீக்கிரம் வரச் சொன்னா. இந்தத் தட்டை மட்டும் முடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதோ மச்சான், இதோ" என்றார். எண் ஏறியதும் ஸ்டிக்கர், ஏறியதும் ஸ்டிக்கர். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே போகும் பெட்டியைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். திறந்தும் பார்த்தேன். பழுதானதை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் திட்டம். ஆனால் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? முதலாளி சிரிப்பார். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா யாருக்குத்தான் கை ஓடும்" என்று விட்டுவிடுவார். வெளியிலிருந்து ஒரு புகார் வந்தால்தான் எடுபடும். நான் எதிர்பார்த்தது புகார் மட்டுமே. கையெழுத்துப் போட்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தொட்டிக்குள் இறங்கியவரின் அலாரம் ஒருமுறை கத்தி அடங்கியிருக்கிறது. மேலே நின்ற அவருடைய அண்ணன், "என்னடா சத்தம்?" என்று கேட்டிருக்கிறார். "நின்னு போச்சு, ஒண்ணுமில்ல" என்று உள்ளிருந்து பதில் வந்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதுதான் கடைசிப் பேச்சு. தம்பியைத் தூக்க இறங்கிய அண்ணனும் திரும்பி வரவில்லை.

மாப்பிள்ளைக்குத் தன் ஸ்டிக்கர் என்று தெரிந்த பிறகு சோறு இறங்கவில்லை. தங்கை என்னிடம் வந்து அழுதாள். "ரெண்டு பேரைக் கொன்னுட்டேன், கொன்னுட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்ணே. நீங்க சொன்னாத்தான் கேட்பார். நீங்க வந்து பேசுங்க."

போய்ப் பேசினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் மாப்பிள்ளை" என்றேன். அது உண்மைதானே. மறுநாள் அவரே இங்கே வந்து சரணடைந்துவிட்டார். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். சாக்குச் சொல்லத் தெரியாத மனிதர்.

என்மேல் உங்களுக்குக் கோபம் வருவது புரிகிறது. ஆனால் நான் அவருக்கு எதிரி இல்லை. அவர் தட்டில் நான் வைத்தது ஒன்று அல்ல, மூன்று. மூன்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார், மூன்றும் வெளியே போயின. மீதி இரண்டும் யாரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். விபத்து நடந்த அன்றே அவர்களுக்குப் போன் செய்து எச்சரித்திருக்கலாம்தான். செய்திருந்தால், நடந்த ஒன்றை மட்டும் வைத்து அவரை எடைபோட வேண்டி வந்திருக்கும். ஒரே ஒரு தடவையை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொல்வது நியாயமில்லை. அவருக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.