பிழை என்று எழுதாதீர்கள்

பழைய மேசைக் கணினிப் பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, திரு. ஆஸ்ட்ராண்டர். போலீஸ்காரர்களுக்குக் கண்ணும் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

டொலீடோ நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை, நாங்கள் பதினோரு பேர் கூடுவோம். தொண்ணூறுகளில் பெயரே இல்லாமல் விற்ற பெட்டிகளைக் கொண்டுவருவார்கள். நான் மூடியைக் கழற்றுவேன். தகட்டின் மடிப்பையும் திருகாணித் துளைகளையும் பார்த்து, எந்தத் தொழிற்சாலை செய்தது என்று சொல்வேன். அதை ஒட்டுத்தாளில் எழுதி உள்ளே ஒட்டுவார்கள். ஒட்டுத்தாள் இல்லாத பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்தக் காலப் பெட்டிகளில் வீட்டு மின்சாரம் நேரே முன்பக்கப் பொத்தான் வரை வரும். வயர்களின் நிறம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். ஒன்றில் கறுப்புதான் தரைக்கம்பி, அதைப் பெட்டியின் தகட்டோடு முடுக்குவார்கள். இன்னொன்றில் அதே கறுப்பில்தான் மின்சாரம் ஓடும்.

பத்தொன்பது ஆண்டுகள் யாரும் என்னை மறுத்ததில்லை. பிறகு லோரெய்ன் பாவ்லக் வந்தார். பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் சிரித்த முகம். மார்ச் மாதம், நான் பெயர் சொல்லி முடித்த பெட்டியை அவர் கவிழ்த்து, அடித்தகட்டிலிருந்த தொழிற்சாலை முத்திரையை டார்ச் அடித்துக் காட்டினார்.

"வெர்ன், கண்ணாடியை மாத்துங்க. நீங்க சொன்ன கம்பெனிக்காரன் இதைக் கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டான்."

"விடுங்க லோரெய்ன், அவருக்கும் வயசாகுதுல்ல," என்றான் ஒட்டுத்தாள் எழுதும் கிளிஃப், டோனட்டை மென்றுகொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். என் ஒட்டுத்தாளை உரித்து என் கையிலேயே கொடுத்தார் லோரெய்ன். குப்பைத்தொட்டி பக்கத்தில் இருந்தும் அதில் போடவில்லை. பண்பானவர்.

அதன்பின் நான்கு நாட்கள் நான் யாரோடும் பேசவில்லை. வீட்டில் பேச யாரும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் அவர் ஒரு பெட்டியைத் தூக்கிவந்தார். இறந்துபோன அண்ணனுடையது. பொத்தானின் வயர்கள் கழன்று தொங்கின.

"நீங்களே சொல்லுங்க வெர்ன். அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. அண்ணன் கடைசியா எழுதினதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. படிச்சுடணும்."

மூடியைத் திறந்தேன். கறுப்பில் மின்சாரம் ஓடும் வகை. நான் மற்றதன் பெயரைச் சொன்னேன்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

கிளிஃப் எழுதினான். நானே ஒட்டினேன். இந்த முறை லோரெய்ன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. என்னைப் புண்படுத்த விரும்பவில்லை போலும். தன் வீடு பழையது, சுவரில் தரைக்கம்பி இல்லாத இரண்டு துளை பிளக் பாயிண்ட்தான் என்று அவரே முன்பு காபி குடிக்கும்போது சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் தகட்டில் மின்சாரம் ஏறினாலும் ஃபியூஸ் போகாது. நான் பேசுவது குறைவு, கேட்டதை மறப்பதில்லை.

மறுநாள் காலை, ஒட்டுத்தாளை நம்பிக் கறுப்பு வயரைத் தகட்டோடு முடுக்கி மின்சாரம் கொடுத்துவிட்டு, பெட்டியின் தகட்டில் கை வைத்தபடி அவர் கிடந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள்.

எல்லோரும் என்னிடம் மிகுந்த அன்பாக இருந்தார்கள். கிளிஃப் வீட்டுக்கே வந்து அழுதான். "யாருக்கும் தப்பு வரும் வெர்ன், மனசைத் தளர விடாதீங்க," என்றான். இனிமேல் நான் சொல்வதை இன்னொருவரும் சரிபார்ப்பார் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்களாம். நேற்று நீங்களும் அறிக்கையை என் முன்னால் வைத்தீர்கள். விபத்து. முதியவரின் நல்லெண்ணப் பிழை. "கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க பெரியவரே," என்றீர்கள்.

அதனால்தான் இன்று நானாக வந்தேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிழை என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மூடியைத் திறந்த கணமே அது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும்.