வரலைன்னு யாரு சொன்னது

"ஹலோ... சார், ஷாரோன்தான் பேசுதேன்... ஆமா சார், ஆமா... ஐந்தருவியிலதான் நிக்கேன், பிள்ளைகளக் கூட்டிட்டு வந்திருக்கேன். சத்தத்துல ஒண்ணும் கேக்கல, ஒரு நிமிஷம்..."

மாணவிகளைப் பாறையோரம் விட்டுவிட்டு, ஷாரோன் ஒரு பழக்கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினாள். சாரல் விடுவதாயில்லை. தென்காசிக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். ஈரப்பாறையில் படரும் பாசிகளைப் பற்றி அவள் எழுதியதைப் படித்துவிட்டு, திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் ஒன்று தனிக்குழுவுக்குத் தலைமையேற்கக் கூப்பிட்டிருந்தது. கல்லூரி முதல்வர் கைலாசம் தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போட்டால் போதும். கேட்டு ஒரு மாதமாகிறது.

"இப்ப கேக்குது சார், சொல்லுங்க... துணை முதல்வரா... நானா... இல்ல சார், சந்தோஷந்தான். சந்தோஷம் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த என்ஓசி... ஆமா சார், நாப்பத்தேழு வயசு முடிஞ்சிட்டு. அதான் கேக்கேன். இன்னும் கொஞ்சம் போனா என்னைய எவன் கூப்பிடுவான்... மீட்டிங்கும் டைம்டேபிளும் பாத்துக்கிட்டு எப்படி சார் ரிசர்ச் பண்ண..."

கைலாசம் கெட்டவரல்ல. பிஎச்டி முடிக்க அவளுக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்தவர். அவள் கணவன் பிரின்ஸுக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அதனாலேயே அவரிடம் 'சரி சார்' தவிர வேறு வார்த்தை அவளுக்கு வந்ததில்லை.

"மறக்கல சார். எப்படி மறப்பேன்... சரி சார். சரி... என்னது... யாருகிட்ட சொல்லிட்டீங்க..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் வரலைன்னா சொன்னீங்க... நேத்தேவா... அந்த இன்ஸ்டிட்யூட் டைரக்டர் உங்க கூடப் படிச்சவராவே இருக்கட்டும், என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா சார்... நல்லதுக்குத்தான். தெரியும் சார். நீங்க எனக்குக் கெட்டது நினைக்க மாட்டீங்க."

திட்டினவரென்றால் திருப்பித் திட்டலாம். கடைக்காரர் ரம்புட்டான் கூடையை உள்ளே இழுத்து, அவள் நனையாமல் நிற்க இடம் விட்டார்.

"இருக்கேன் சார்... லைன்லதான் இருக்கேன்... அது என்ன சத்தம்... யாரு கை தட்டுதாங்க... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க... ஸ்டாஃப் எல்லாரும் இருக்காங்களா..."

அத்தனை பேர் முன்னால் அவள் மறுக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"தேங்க்ஸ் உமாதேவி மேடம்... தேங்க்ஸ்... ரவி சார், தேங்க்ஸ்... ட்ரீட்டா... ஒரு நிமிஷம். நான் பேசுதது அங்கன எல்லாருக்கும் கேக்குதா... நல்லாக் கேக்குதா..."

குரல் நடுங்கியது. நடுங்கியபடியே பேசினாள்.

"நான் இந்தப் பதவிய ஏத்துக்கல. திருவனந்தபுரத்துக்கு வரலைன்னு நான் சொல்லவும் இல்ல, அது சார் சொன்னது. இப்பவே கூப்பிட்டு வாரேன்னு சொல்லப் போறேன்... இல்ல சார், ஸ்பீக்கர அமத்தாதீங்க. எனக்கு என்ஓசி வேணும். கேட்டு ஒரு மாசமாவுது, அத எல்லாரும்... சார்... ஹலோ..."

கைதட்டல் எப்போதோ நின்றிருந்தது. இப்போது இணைப்பும் இல்லை.

அவள் திரும்ப அவரைக் கூப்பிடவில்லை. திருவனந்தபுரத்து எண்ணை எடுத்து அழுத்தினாள். ஈரவிரலுக்குத் திரை அசையவில்லை. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.