திரும்பிப் பார்க்கும் பெண்

நாணயத்தை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், ஐயா. இரண்டு விரலால், இப்படி. முகப்பில் கட்டைவிரல் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மழைக்காலம் போகட்டும், ரேகை அப்படியே பழுப்பாகக் கிளம்பி வரும். எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. உங்கள் வீட்டம்மா இவற்றைச் சேர்ப்பவர் என்றீர்கள். அவருக்கு இது தெரிந்திருக்கும். உங்களிடம் கொடுத்தபோது சொல்ல மறந்திருப்பார்.

இந்தக் காசில் இருக்கிற தலைக் கிளிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். என் வேலையை முதலில் சொல்லிவிட்டால் உங்களுக்கு எழுதச் சுலபமாக இருக்கும்.

நாங்கள் செய்வது கடையில் கொடுத்து மாற்றுகிற காசு இல்லை, பெட்டியில் வைத்துப் பார்க்கிற காசு. வெள்ளியில் அடித்து, கண்ணாடி மாதிரி ஒரு கூட்டில் அடைத்து, கூடவே ஒரு கதை அட்டை வைத்து விற்போம். சாப்பாட்டுத் தட்டு அளவில் உருவத்தை நான் பிளாஸ்டரில் செதுக்குவேன். இயந்திரம் அதைச் சுருக்கி எஃகு அச்சில் வெட்டும். தட்டில் மயிரிழை பிசகினால் போதும், காசில் மூக்கே இருக்காது. அட்டையில் அச்சாகிற கதையை எழுதுவதும் நான்தான். சின்னக் கம்பெனி, தனியாக ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது.

முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "பாக்காத எதையும் செதுக்காதப்பா. மண்ணுல பொய் சொல்லலாம், வெள்ளியில சொன்னா பளிச்சுன்னு காட்டிக்கொடுத்துடும்" என்பார். அதனால்தான் நான் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தேன். நண்டு, ஆமை, கடல்குதிரை, திமிங்கிலம் என்று ஒரு வரிசை போட்டோம். ஆமை மாதிரியைப் பார்த்துவிட்டு முதலாளி, "அப்படியே எங்க மாமனாரு. காசு கேட்டா இப்படித்தான் தலைய உள்ள இழுத்துக்குவாரு" என்று சிரித்தார். ஆனால் விற்றுத் தீர்ந்தது நண்டுதான். அதன் கொடுக்கை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த வரிசை வேலையின்போதுதான் எங்கள் பாப்பா போனாள். வரையப் போனபோது அவளையும் கூட்டிப் போயிருந்தேன். பெரிய அலை ஒன்று வந்தது. நான் ஓடினேன், எட்டவில்லை. "அப்பா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள், அவ்வளவுதான். அன்று விசாரித்தவர்களிடம் இதைத்தான் சொன்னேன். என் மனைவியிடமும் இதைத்தான் சொன்னேன். கடல் பாப்பாவைத் திருப்பித் தரவே இல்லை.

என் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுப்பாள். அவள் அழவில்லை, ஐயா. அழுதிருந்தால் தேவலை. உடம்பு கிடைக்காததால் பாப்பா எங்கோ இருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வருடமும் பாப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு கவுன் தைப்பாள். போன வருடத்து அளவைவிட நீளத்தில் கொஞ்சம் கூட்டி, தோளில் கொஞ்சம் கூட்டி. தெருவில் அதே வயதுப் பெண்கள் போனால் கண்ணாலேயே அளவெடுத்துக்கொள்வாள். அலமாரியைத் திறந்தால் ஒரு குழந்தை வரிசையாக வளர்ந்துகொண்டே போகும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் முடியாமல் போனது சாயங்காலங்கள்தான். தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, "என்னங்க, பாப்பாவக் கூப்பிடுங்க" என்பாள்.

"நீ கூப்பிடேன்."

"நீங்க கூப்பிட்டாத்தான் வருவா. கடைசியா உங்களத்தான கூப்பிட்டா."

இதில் குத்தல் ஒன்றும் கிடையாது. என் மேல் ஒரு நாளும் அவள் பழி சொன்னதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பாப்பா கூப்பிட்டாள், அப்பா ஓடினார், எட்டவில்லை. அவளுக்குத் தெரிந்தது அது. நான் மாடி வராந்தாவில் நின்று, "பாப்பா, சாப்பிட வா" என்று கூப்பிடுவேன். கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் பாவப்பட்டார்கள். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அவள் மட்டும், "இன்னைக்குக் கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டிருக்கலாம்" என்பாள்.

அப்படிப் பல வருடம் போனபின் முதலாளி புது வரிசை ஒன்று போட்டார். கடலோரத்தில் சொல்கிற கதைகள், கதைக்கு ஒரு காசு. வலை பின்னுகிறவர்களிடமும் படகு பூசுகிறவர்களிடமும் உட்கார்ந்து ஐந்து கதை வாங்கி வந்தேன். ஆறாவது கிடைக்கவில்லை. "நீயே ஒண்ணு கட்டிவிடு. கடலப் போயா விசாரிக்கப் போறாங்க?" என்றார் முதலாளி.

கட்டினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன், அவள் எதிரே மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். கடல் குழந்தைகளை விழுங்குவதில்லை, வளர்க்கிறது. வருடத்தில் நீர் மிகவும் வற்றுகிற நாளின் விடியலில், தாயானவள் கூப்பிடாமல், திரும்பிப் பார்க்காமல், கழுத்தளவு நீர் வரை நடந்தால் குழந்தை வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பிப் பார்த்தால் போய்விடும். சின்னக் கதைதான். அட்டையில் அதற்கு மேல் இடம் கிடையாது.

அட்டைக் கதைகளை அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அவளுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும். அன்று வாசித்து முடித்தபோது மெஷின் நின்றுவிட்டது.

"இது எங்க சொல்றாங்க?"

"கரையில ஒரு பெரியவரு சொன்னாரு."

"நெசமா நடந்ததா?"

"அவரு அக்காவே அப்படிக் கடல்ல இருந்து வந்தவங்களாம். இப்பப் பேரன் பேத்தி எடுத்துட்டாங்களாம்."

ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்று சொன்னேன். ஆறுதலாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. கதையிலேயே கூப்பிடக் கூடாது என்றுதானே இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், பழைய சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு தைத்தாள். வீடு வீடு மாதிரி ஆனது. நீர் மிகவும் வற்றுகிற நாள் எது என்று ஒருநாள் கேட்டாள். விசாரித்துச் சொன்னேன். கட்டிய மனைவி கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

அவள் போன காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். துக்கம் தாளாமல் போய்விட்டாள் என்று நீங்களும் கேஸை எழுதி முடித்தீர்கள். உடம்பு கரை ஒதுங்கியபோது சேலையை மட்டும் காட்டினீர்கள், அவளுடையதுதான் என்றேன். அவள் தலையில் இருந்த கிளிப்பை நீங்கள் எனக்குக் காட்டவில்லை. பாப்பாவின் கிளிப் அது, நீல மீன், வால் நுனி உடைந்தது. இத்தனை வருடமும் அவள் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. அன்று காலையில்தான் எடுத்துக் குத்திக்கொண்டாள். "நான் கிழவி ஆயிட்டேன்ல, அவளுக்கு அடையாளம் தெரிய வேணாமா?" என்றாள்.

ஆறாவது காசு பாக்கி நின்றது. வேறு எத்தனையோ முகங்களைச் செதுக்கிப் பார்த்தேன். சொன்னேனே, பார்க்காததைச் செதுக்க எனக்கு வராது. கடைசியில் கை தானாக அவளைச் செதுக்கிவிட்டது. நெஞ்சளவு நீரில் நின்று திரும்பிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், காதோரம் மீன் கிளிப். காசில் அது எள்ளுக்கும் சின்னது. வேலைப்பாட்டைப் பாருங்கள் என்று உங்கள் வீட்டம்மா பூதக்கண்ணாடியைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் உடைந்த வாலைப் பார்த்துவிட்டீர்கள். தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

ஆமாம், நானும் போனேன். நான்தான் கூட்டிப் போனேன். கடைசியாகத் தைத்த கவுனையும் ஒரு துண்டையும் பையில் எடுத்து வைத்திருந்தாள். பையை என்னிடம் கொடுத்து, "நனைச்சுடாதீங்க. அவ குளிர்ல நடுங்கிட்டு வருவா" என்றாள். செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்தாள். கரையில் வேறு ஆள் இல்லை. நீர் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. அவள் நடந்தாள். நீச்சல் தெரியாது அவளுக்கு.

இதுவரை சொன்னதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆனால் காசைப் பார்த்ததும் முதலாளி ஒன்று கேட்டார், நீங்கள் கேட்கவில்லை. கதையில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருக்கிறது, காசில் ஏன் திரும்பிப் பார்க்கிறாள் என்றார். அழகுக்காக என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் நிஜமாகவே திரும்பினாள், ஐயா. நெஞ்சளவு நீரில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கையை விரித்துப் பிடித்தபடி நின்றாள், யாரோ வந்து பிடிப்பார்கள் என்பது மாதிரி. பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, தண்ணி ரொம்பக் குளிருது. அவ வரல" என்றாள். பிறகு, "இனிமே வரமாட்டா, இல்ல?" என்றாள்.

அந்த முகத்தை நான் பல வருடமாகப் பார்த்திருக்கவில்லை. அழுகிற முகம். தெளிந்த முகம். இப்படி ஒரு நாள் வருமா என்றுதான் நானும் ஏங்கிக் கிடந்தேன். இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்க வேண்டும். அந்தத் துண்டை எடுத்து அவளுக்கே தலை துவட்டிவிட்டிருக்கலாம். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதிருக்கலாம்.

நான் கையை நீட்டி அவளுக்குப் பின்னால் காட்டினேன். "அதோ, உனக்குப் பின்னால. பாப்பா" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள். காசில் இருப்பது அந்தச் சிரிப்புதான். சிரித்துவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பி, வேகமாக நடந்தாள்.

அவளைச் சந்தோஷமாக அனுப்பி வைத்தேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். உங்களிடமும் அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவள் அழுத அந்த முகத்தில் வேறொன்றும் வந்துகொண்டிருந்தது. தெளிந்தவள் யோசிப்பாள். யோசிக்கிறவள் கேட்பாள். வீட்டுக்குப் போய், தலை காய்ந்து, என் எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு என்னதான் நடந்தது என்று முதல் தடவையாகக் கேட்பாள்.

பெரிய அலை எதுவும் வரவில்லை, ஐயா. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பாப்பா ஒரு தரம் கூப்பிடவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "அப்பா, இங்க பாரு. அப்பா, இங்க பாரேன்." நான் தலையைத் தூக்காமல், "இரும்மா" என்றேன். சத்தம் நின்றபோது கூட, அப்பாடா என்று வேலையைத்தான் பார்த்தேன். நான் ஓடவே இல்லை. எப்போது போனாள் என்றே எனக்குத் தெரியாது. ஒரு நண்டின் கொடுக்கில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.